பெற்றோருடன் பூட்டான்: 1200 ரூபாய்க் கட்டணம் கொடுத்துப் போகத் தகுமா?

செண்பகம்_77
வணக்கம். வரும் ஏப்ரலில் அப்பா அம்மாவோடு பூட்டான் போகலாம் என்று இருக்கிறோம். மூன்று பேர், ஆறு இரவு. அப்பாவுக்குப் பழைய மடம், கோட்டை, சுவரோவியம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். அம்மாவுக்கு முழங்கால் வலி, சுத்த சைவம், பூண்டுகூடச் சில நாட்களில் ஆகாது. ஏஜெண்ட் ஒருவர் கொடுத்த திட்டத்தில் திம்பு, பாரோ, புனாக்கா, ஃபோப்ஜிகா, பும்தாங், ஹா என்று எல்லா ஊரும் இருக்கிறது. இதில் அந்நாட்டு அரசுக்கு ஒரு இரவுக்கு ஒரு ஆளுக்கு 1200 ரூபாய் கட்ட வேண்டுமாம். அதுவே 21,600 ஆகிறது. இதைக் கொடுத்துப் போகத் தகுமா, இல்லை அதே பணத்தில் சிக்கிமைச் சுற்றிவிட்டு வரலாமா? போனவர்கள் சொல்லுங்கள்.

புல்லட்_பாண்டி
சிக்கிம்தான். கொரோனாவுக்கு முன்னால் பூட்டானில் இந்தியர்களுக்கு இந்தக் கட்டணமே கிடையாது. எல்லையில் பெர்மிட் போட்டு, பைக்கிலேயே போய்விட்டு வந்தோம். இப்போது நம் வண்டி உள்ளே போனால் வண்டிக்கும் நாள் கணக்கில் தனியாகப் பணம். ரும்டெக் மடமும் பெமயாங்ட்சே மடமும் சிக்கிமில்தான் இருக்கின்றன. மலையும் அதே இமயமலை. எதற்குத் தண்டச் செலவு?

மலைக்காகம்
பாண்டி அண்ணே, மலை ஒன்றுதான், ஆனால் மலையடிவாரத்துக் கூட்டம் ஒன்றில்லை. மே மாதம் கேங்டாக் எம்.ஜி. மார்க்கில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

செண்பகம், கட்டணத்தைப் பற்றி முதலில். வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளை பூட்டான் 1974இல்தான் உள்ளே விட்டது. அன்றிலிருந்தே ஆள் குறைவாக வரட்டும், வருகிறவர் செலவு செய்யட்டும் என்பதுதான் அவர்கள் கொள்கை. இந்தியர்களுக்கு மட்டும் அதில் விலக்கு இருந்தது. 2019இல் மூன்று லட்சத்துக்கு மேல் பயணிகள் வந்தார்கள், அதில் பெரும்பான்மை நாம். மொத்த மக்கள்தொகையே எட்டு லட்சம் தொடாத நாடு அது. அப்புறம்தான் நமக்கும் 1200 என்று வைத்தார்கள். மற்ற நாட்டவருக்கு 2022இல் 200 டாலர் ஆக்கி, கூட்டம் வராமல் போகவே, அடுத்த வருடமே 100 டாலராகக் குறைத்தார்கள். மருத்துவமும் பள்ளிப்படிப்பும் அங்கே இலவசம். இந்தப் பணம் அரசின் பொதுக்கணக்கில்தான் சேர்கிறது. ஆக நீங்கள் கொடுப்பது விடுதிக்கான காசு இல்லை, அந்த ஊர் அப்படியே இருப்பதற்கான காசு. அது உங்களுக்குத் தேவையா இல்லையா என்பதுதான் கேள்வி.

ஏஜெண்ட் திட்டத்தைத் தூக்கிப் போடுங்கள். பும்தாங் நாட்டின் நடுப்பகுதி. திம்புவிலிருந்து ஒரு முழு நாள் மலைப்பாதை, திரும்பி வர இன்னொரு நாள். ஆறு இரவில் பும்தாங்கையும் ஹாவையும் திணித்தால் உங்கள் அம்மா பூட்டானை வண்டி ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பார்கள். பாரோ, திம்பு, புனாக்கா மூன்றும் போதும். மிஞ்சிய நேரத்தில் சும்மா உட்காருங்கள். அந்த நாட்டில் காசு கொடுக்காமல் கிடைப்பது அது ஒன்றுதான்.

உயரம் பற்றிப் பயப்பட வேண்டாம். திம்புவும் பாரோவும் ஏறக்குறைய ஊட்டி உயரம். புனாக்கா ஏற்காட்டைவிடக் கொஞ்சம் இறக்கம், அதனால் கதகதப்பாக இருக்கும். இடையில் தோச்சுலா கணவாய் மட்டும் 3,100 மீட்டர். அங்கே அரை மணி நேரம் நின்று டீ குடித்துவிட்டு இறங்கிவிடுவீர்கள்.

செண்பகம்_77
மிக்க நன்றி. ரயிலா விமானமா? பாரோவில் பாறை மேல் இருக்கும் தக்சாங் மடம், புலிக்கூடு என்பார்களே, அது அப்பாவின் கனவு. அம்மாவால் முடியுமா? சாப்பாடு?

வழிப்போக்கன்
ரயில் என்றால் நியூ ஜல்பைகுரி, விமானம் என்றால் பாக்டோக்ரா. அங்கிருந்து காரில் நாலு மணி நேரம் போல ஜெய்காவ். வழி முழுக்கத் தேயிலைத் தோட்டம். இன்னும் பக்கத்தில் இறங்க வேண்டுமானால் ஹாசிமாரா ஸ்டேஷன். ஜெய்காவ் நம் பக்கம், ஹாரனும் குப்பையும் ஆட்டோச் சத்தமுமாக இருக்கும். ஒரு வாசலைத் தாண்டினால் புன்ட்ஷோலிங். அதே வெயில், அதே சமவெளி, ஆனால் யாரும் ஹாரன் அடிப்பதில்லை. ரோட்டில் கால் வைத்தால் கார் நிற்கிறது. முதல் தடவை நின்றபோது ஓட்டுநருக்கு ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். அங்கிருந்து திம்பு 150 கிலோமீட்டர், ஐந்தாறு மணி நேரம், கொண்டை ஊசி வளைவுகள். அம்மாவுக்கு வாந்தி வருமானால் மாத்திரையும் எலுமிச்சம்பழமும் கையில் இருக்கட்டும்.

காசு இருந்தால் கொல்கத்தாவிலிருந்து நேராகப் பாரோவுக்கே பறக்கலாம். மலை இடுக்கில் வளைந்து இறங்கும் விமான நிலையம் அது. தனியாகப் பயிற்சி பெற்ற விமானிகள் மட்டுமே அங்கே இறக்குவார்கள், அதுவும் பகல் வெளிச்சத்தில். வானிலை சரியில்லை என்றால் தாமதம் சகஜம். திரும்பும் அன்றே சென்னைக்குக் கடைசி விமானம் போட்டு வைக்காதீர்கள்.

ஆதார் அட்டை செல்லாது. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டைதான். அவர்கள் நேரம் நம்மைவிட அரை மணி முன்னால். நம் ரூபாயும் அவர்கள் ஙல்ட்ரமும் ஒரே மதிப்பு, ரூபாயையே வாங்கிக்கொள்வார்கள். பல கடைகளில் நம் யூபிஐ வேலை செய்கிறது, ஆனால் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

மலைக்காகம்
தக்சாங் பற்றி நான் சொல்கிறேன். கீழே வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து மேலே போய்ச் சேர, நிதானமாக ஏறினால் மூன்று மணி நேரம். பாதி வழியில் ஒரு உணவகம். அதுவரைக்கும் மட்டக்குதிரை உண்டு. ஏறத்தான் குதிரை, இறங்கும்போது நடைதான். முழங்கால் வலிக்காரருக்கு இறக்கம்தான் எமன். உணவகத்துக்கு மேலே பாதை ஏறி, எதிர்ப் பாறையில் மடம் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும் ஒரு முனைக்கு வரும். எல்லோரும் படம் எடுக்கும் இடம் அது. வந்துவிட்டோம் என்று நினைத்தால், அங்கிருந்து நூற்றுக்கணக்கான படிகள் கிடுகிடுவென்று பள்ளத்தில் இறங்கும். அருவியை ஒட்டி ஒரு பாலம், பாலத்தில் கொடிகள், முகத்தில் சாரல். பிறகு மறுபடி ஏற்றம். வாசலில் பை, செல்போன், கேமரா எல்லாவற்றையும் வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். உள்ளே படம் எடுக்க முடியாது. எனக்கு அதுதான் பிடித்தது.

எட்டாம் நூற்றாண்டில் பத்மசம்பவர், அவர்கள் வாய்மொழியில் குரு ரின்போச்சே, புலியின் மேல் பறந்து வந்து அந்தக் குகையில் தவம் இருந்தார் என்பது நம்பிக்கை. மடம் கட்டத் தொடங்கியது 1692இல். 1998இல் தீப்பிடித்துப் பெரும்பகுதி போய்விட்டது. பழைய வடிவத்திலேயே திரும்பக் கட்டி 2005இல் முடித்தார்கள்.

அப்பா போகட்டும், வழிகாட்டி கூட இருப்பார். அம்மா அந்த நேரத்தில் பாரோவிலேயே கிச்சு லாகாங் போகலாம். ஏழாம் நூற்றாண்டில் திபெத் மன்னர் சோங்சென் கம்போ கட்டியது என்று சொல்லப்படும் சின்னக் கோயில். ஏறவே வேண்டாம், தட்டையான முற்றம். முற்றத்தில் ஆரஞ்சு மரம் உண்டு. காலையில் ஊர்ப் பாட்டிகள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு வலம் வருவார்கள். உங்கள் அம்மா அந்த வரிசையில் சேர்ந்துகொண்டால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். வலமாகத்தான் சுற்ற வேண்டும், நம் கோயில் மாதிரியேதான், சொல்லித்தர வேண்டியதில்லை.

வழிப்போக்கன்
சாப்பாடு பாக்கி. எமா தட்சி என்று ஒன்று வைப்பார்கள். எமா என்றால் மிளகாய், தட்சி என்றால் பாலாடைக்கட்டி. மிளகாய் அங்கே காரத்துக்குப் போடுகிற பொருள் இல்லை, அதுதான் காய். ஒரு கிண்ணம் நிறையப் பச்சை மிளகாயை நீளவாக்கில் கீறி, கட்டியோடு வேகவைத்து, சிவப்பரிசிச் சோற்றோடு சாப்பிடுவார்கள். ஆந்திரச் சாப்பாட்டைப் பார்த்துவிட்டோம் என்று மார்தட்டும் ஆட்கள் முதல் வாயிலேயே தண்ணீர் தேடுவார்கள். அம்மாவுக்கு கெவா தட்சி சரிப்படும், உருளைக்கிழங்கு போட்டது. காளான் போட்டதும் உண்டு, அது ஷாமு தட்சி. பூண்டு பல சமையலில் விழும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கறி நிறையச் சாப்பிடுகிற நாடுதான், ஆனால் உயிரைக் கொல்வது பாவம் என்பதால் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வெட்டிய கறியாக வருகிறது. அவர்கள் நாட்காட்டியில் முதல் மாதமும் நான்காம் மாதமும் கறிக்கடைகளுக்கு அடைப்பு.

சுஜா என்று உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீர். டீ என்று நினைத்துக் குடித்தால் ஏமாற்றம், சூப் என்று நினைத்தால் அருமை.

அப்பா வெற்றிலை போடுவாரா? போடுவார் என்றால் அவருக்கு அங்கே நண்பர்கள் நிச்சயம். தோமா என்கிறார்கள். வெற்றிலை, சுண்ணாம்பு, பாக்கு. பாக்கு மட்டும் வேறு, ஊறவைத்துப் புளித்தது, நாற்றம் தூக்கும், வாயில் போட்ட ஒரு நிமிடத்தில் காதெல்லாம் சூடாகிவிடும். குளிருக்கு அதுதான் ஸ்வெட்டர். எங்கள் ஓட்டுநர் கோ என்ற ஆண்கள் உடையின் மார்பு மடிப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, வெற்றிலைக் காம்பைக் கிள்ளி, நகத்தால் சுண்ணாம்பைத் தடவி நீட்டினார். அந்த மடிப்பு ஒரு பெரிய பை: செல்போன், பணம், குழந்தையின் பிஸ்கட் எல்லாம் அதற்குள்ளிருந்துதான் வரும்.

கொலம்பஸ்_குமரன்
நடுவில் ஒரு கசப்பு மாத்திரை. நான் இருக்கும் ஒஹாயோவில் பூட்டானிலிருந்து வந்த நேபாளி மொழிக் குடும்பங்கள் ஏராளம். எங்கள் தெருமுனை மோமோ கடைக்காரர் குடும்பமும் அப்படி வந்ததுதான். நீங்கள் எல்லோரும் அமைதி, ஆனந்தம் என்று எழுதுவதை அவரிடம் காட்டினால் என்ன சொல்வார் தெரியவில்லை.

தெற்கு பூட்டானில் தலைமுறைகளாக விவசாயம் செய்தவர்கள் இவர்கள். லோட்ஷாம்பா என்பார்கள். 1985இல் குடியுரிமைச் சட்டம் மாறியது. 1958இல் அந்நாட்டில் இருந்ததற்கு ஆவணம் காட்டச் சொன்னார்கள். 1989இல் ஆண்களுக்குக் கோ, பெண்களுக்குக் கிரா உடை கட்டாயம் என்று ஆணை, பள்ளிகளில் நேபாளி மொழிப் பாடமும் போயிற்று. 1990இல் போராட்டம், கைது, பிறகு வெளியேற்றம். ஒரு லட்சம் பேர் கிழக்கு நேபாளத்து முகாம்களில் பதினைந்து இருபது வருடம் மூங்கில் குடிசையில் கிடந்தார்கள். 2007க்குப் பிறகுதான் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா என்று குடியமர்த்தினார்கள். "பாரம்பரியத்தைக் காப்பாற்றிய நாடு" என்று எழுதும்போது யாருடைய பாரம்பரியம் என்றும் கேளுங்கள்.

புல்லட்_பாண்டி
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். மகிழ்ச்சி நாடு என்பதெல்லாம் விளம்பரம்.

மலைக்காகம்
பாண்டி அண்ணே, நீங்கள் சொல்ல வந்தது வண்டிக் கட்டணத்தைப் பற்றி :)

குமரன் சொன்னது அத்தனையும் நடந்தது. சுற்றுலா வழிகாட்டிகள் அதைச் சொல்ல மாட்டார்கள், நாம் கேட்டாலும் பேச்சை மாற்றுவார்கள். மொத்த தேசிய மகிழ்ச்சி என்பது நான்காம் மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக் எழுபதுகளில் சொன்னது. அவர் ஆட்சியில்தான் இந்த வெளியேற்றமும் நடந்தது. 2006இல் தாமாகவே முடியை மகனுக்குக் கொடுத்து, தேர்தல் ஜனநாயகத்துக்கு வழிவிட்டதும் அவர்தான். மூன்றும் ஒரே ஆள். நல்லவரா கெட்டவரா என்று ஒரு வரியில் எழுதிவிட முடியாது.

மகிழ்ச்சி விஷயத்திலும், உலக மகிழ்ச்சி அறிக்கையில் 2019இல் பூட்டானுக்கு 95ஆம் இடம். அவர்களுடையது வேறு கணக்கு, ஒன்பது துறைகளாகப் பிரித்து அவர்களே அளக்கிறார்கள். எந்தக் கணக்கானாலும், படித்த இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக ஆஸ்திரேலியா போய்க்கொண்டிருக்கிறார்கள். திம்பு விடுதி வரவேற்பறையில் இருந்த பெண் நம் ஊர் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பெர்த்தில் எங்களுக்குத் தெரிந்தவர்கள் உண்டா என்றுதான் கேட்டாள்.

நான் மதிப்பது வேறொன்றை. அங்கே சில முடிவுகளை எழுதி வைத்து நடத்துகிறார்கள். நாட்டில் குறைந்தது 60 விழுக்காடு காடாக இருக்க வேண்டும் என்பது 2008 அரசமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. மலையேற்றம் மக்கள் கும்பிடும் சிகரங்களைத் தீட்டாக்கும் என்று 2003இல் முழுவதுமாகத் தடை செய்தார்கள். 7,570 மீட்டர் உயரமுள்ள கங்கர் புயென்சும் இன்றும் யாரும் ஏறாத சிகரம். ஃபோப்ஜிகா பள்ளத்தாக்குக்குக் குளிர்காலத்தில் திபெத்திலிருந்து கருங்கழுத்துக் கொக்குகள் வரும். அவை கம்பியில் மோதிச் சாகாமல் இருக்க மின்கம்பிகளை மண்ணுக்கடியில் போட்டார்கள். ஏப்ரலில் கொக்குகள் இருக்காது, ஆகவே செண்பகம் அந்தப் பள்ளத்தாக்கையும் இந்தத் தடவை விட்டுவிடலாம்.

கொலம்பஸ்_குமரன்
ஒப்புக்கொள்கிறேன். போக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தெரிந்துகொண்டு போங்கள், அவ்வளவுதான். கடைக்காரரிடம் கேட்டேன், அவர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன்: "போகட்டும். எங்களால்தான் போக முடியவில்லை."

பூங்குழலி_மதுரை
ஏப்ரல் என்றால் பாரோ செச்சு திருவிழா வருகிறதா என்று முதலில் பாருங்கள்! அவர்கள் நாட்காட்டிப்படி இரண்டாம் மாதம், நமக்கு மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ விழும், வருடத்துக்கு வருடம் மாறும். அதற்கேற்பத் தேதியை நகர்த்தினாலும் தகும். விடுதி வாடகை அந்த நாட்களில் எகிறும், முன்பதிவு அவசியம்.

கோட்டைக்கு அருகே கல் பாவிய பெரிய முற்றம். துறவிகளும் ஊர் ஆண்களும் முகமூடி போட்டுப் பட்டுப் பாவாடை சுழல ஆடுவார்கள். இதற்கு சாம் என்று பெயர். நீண்ட கொம்புகளின் உறுமல் வயிற்றுக்குள் கேட்கும். ஆட்டம் மணிக்கணக்கில், மிக மெதுவாகப் போகும். நடுவில் அட்சரா என்ற சிவப்பு முகமூடிக் கோமாளிகள் கையில் மர லிங்கத்தை வைத்துக்கொண்டு வெட்கப்படும் பெண்களையும் வெளிநாட்டுக்காரர்களையும் வம்புக்கிழுப்பார்கள். துறவிகள் ஆடும்போதே இது நடக்கும், யாருக்கும் கோபம் வருவதில்லை. கடைசி நாள் விடிவதற்கு முன்னால் தோங்ட்ரெல் என்ற மாபெரும் துணிச்சித்திரத்தைச் சுவரில் விரிப்பார்கள். பார்த்தாலே பாவம் போகும் என்று நம்பிக்கை. வெயில் படுவதற்குள் சுருட்டிவிடுவார்கள். அன்று மூன்று மணிக்கே எழ வேண்டும்.

எனக்கு ஆட்டத்தைவிடக் கூட்டம் பிடித்தது. ஊரே தன்னிடம் உள்ள நல்ல கிராவை உடுத்திக்கொண்டு வந்திருந்தது. என் பக்கத்தில் ஒரு பாட்டி, பேரன் பேத்தி ஐந்தாறு பேர். மதியம் பாங்சுங் என்ற மூங்கில் பெட்டியைத் திறந்தார். வட்டமான இரண்டு மூடிகள் ஒன்றுக்குள் ஒன்று அழுந்திப் பூட்டிக்கொள்ளும், கறுப்பும் சிவப்பும் மஞ்சளுமாகப் பின்னியது. ஒரு பாதியில் சோறு, மறு பாதியில் மிளகாய்க் குழம்பு. மூடியில் கொஞ்சம் சோற்றை வைத்து என்னிடம் நீட்டினார். மொழி இல்லை, சைகைதான். பேத்தி என் கழுத்துத் தாலிக்கொடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

செண்பகம்_77
அம்மா முகமூடி ஆட்டத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார். கோமாளி விஷயத்தை மட்டும் படித்துக் காட்டவில்லை! திம்புவில் என்ன பார்க்கலாம்?

மலைக்காகம்
அப்படியானால் புனாக்கா போகும் வழியில் சிமி லாகாங் பக்கம் வீட்டுச் சுவர்களையும் அம்மாவிடம் காட்டாமல் வரப் பாருங்கள். துருக்பா குன்லே என்ற கிறுக்குச் சித்தர் பேரால் எழுந்த கோயில் அது, குழந்தை வரம் கேட்டு வருவார்கள். சுற்றிலும் சுவரெல்லாம் ஆண்குறி ஓவியம்தான், ரிப்பன் கட்டி, கண் வைத்து. தீய கண் படாமல் இருக்க வரைகிறார்கள்.

திம்புவில் அம்மாவுக்கு நினைவுச் சோர்ட்டன், அதாவது ஸ்தூபி. மூன்றாம் மன்னர் நினைவாக 1974இல் கட்டியது. ஊரில் உள்ள கிழவர் கிழவிகள் எல்லாம் அங்கேதான் இருப்பார்கள், காலையில் வந்தால் சாயங்காலம்தான் வீடு. சிவப்பு நிறத்துப் பெரிய ஜெப உருளைகளைச் சுற்றிவிட்டுக்கொண்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டு, பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டு. பெஞ்ச் உண்டு, முழங்காலுக்குப் பிரச்சினை இல்லை. அப்பாவுக்கு பதின்மூன்று கைத்தொழில்களைச் சொல்லிக்கொடுக்கும் அரசுப் பள்ளி இருக்கிறது: சுதை, மரச்செதுக்கு, ஓவியம், தையல். வகுப்பறை ஜன்னலில் நின்று பார்க்க விடுவார்கள். ஒரு பையன் மாதக்கணக்கில் ஒரே மேகத்தைத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருப்பான்.

சாங்லிமிதாங் மைதானத்தில் வில்வித்தை நடந்தால் விடாதீர்கள். இலக்கு 145 மீட்டர் தள்ளி இருக்கும் ஒரு குறுகலான பலகை. குறி பட்டால் அந்த அணி ஆடிப் பாடும், எதிரணி வில்லெடுக்கும்போது கேலி செய்யும். ஆட்கள் இலக்குக்குப் பக்கத்திலேயே நிற்பார்கள், பார்க்கிற நமக்குத்தான் உயிர் போகும்.

புனாக்கா ஜோங்கை அப்பாவே தேடிப் போவார். பூட்டானை ஒரே நாடாக்கிய துறவி சப்துருங் நவாங் நம்ஜியால் 1637இல் தொடங்கிய கோட்டை, போ ச்சு, மோ ச்சு என்ற தந்தை ஆறும் தாய் ஆறும் கலக்கும் முனையில். 1907இல் முதல் மன்னர் முடிசூடியது அங்கேதான். 1994இல் மேலே பனியேரி உடைந்து வந்த வெள்ளம் கோட்டையையும் அடித்தது. வசந்தத்தில் ஜக்கரண்டா பூத்திருந்தால் வெள்ளைச் சுவரோரம் முழுக்க ஊதா. உள்ளே போக முழுக்கைச் சட்டை, தலையில் தொப்பி கூடாது.

ஒரு வேண்டுகோள்: 2019இல் தோச்சுலாவில் நம் நாட்டுப் பயணி ஒருவர் படம் எடுப்பதற்காக ஒரு சோர்ட்டன் மேல் ஏறி நின்றார். அங்கே உள்ள 108 சோர்ட்டன்களும் 2003இல் அசாம் கிளர்ச்சிக்காரர்களோடு நடந்த சண்டையில் இறந்தவர்களுக்காக எழுப்பியவை. அந்தப் படம் நாடு முழுக்கப் பரவி, நம் பேரைக் கெடுத்தது.

புல்லட்_பாண்டி
பனிமலை தெரியுமா, அதைச் சொல்லுங்கள் முதலில்.

வழிப்போக்கன்
தோச்சுலாவில் அதிகாலையில், மேகம் விட்டால். பனிமலை உறுதியாக வேண்டுமென்றால் நவம்பர், டிசம்பர். ஏப்ரலில் சிவந்து கிடக்கும் ரோடோடெண்ட்ரான்தான் கிடைக்கும், நம் நீலகிரிக் காட்டுப் பூவரசின் இனம்.

செண்பகம்_77
முடிவு செய்துவிட்டோம். பாரோ மூன்று இரவு, திம்பு இரண்டு, புனாக்கா ஒன்று. பறந்து போய், சாலை வழியாகத் திரும்புகிறோம். ஏஜெண்டுக்குச் சொன்னேன், "பும்தாங் இல்லாத பூட்டானா?" என்று முகம் சுளித்தார். பாண்டி அண்ணனுக்கு சிக்கிம் அடுத்த வருடம் :)

தஞ்சை_விருந்தினர்
புதிதாகச் சேர்ந்தவன். நாங்களும் போக இருக்கிறோம், பையனுக்கு ஐந்து வயது. அவனுக்கும் 1200 கட்ட வேண்டுமா? பாஸ்போர்ட் எடுக்கவில்லை.

மலைக்காகம்
ஆறு வயது முடியாதவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை பாதி. பையனுக்குப் பிறப்புச் சான்றிதழ் போதும், ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். நம் ஊர்ச் சான்றிதழ் தமிழும் ஆங்கிலமுமாகத்தான் வரும், பழைய கையெழுத்துப் பிரதி என்றால் மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். அதிலுள்ள பெற்றோர் பெயரும் உங்கள் வாக்காளர் அட்டைப் பெயரும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். இனிஷியல் முன்னால், பின்னால் என்று நம்மவர்கள் அட்டைகளில் வரும் குழப்பத்தை எல்லையில் நின்றுகொண்டு விளக்குவது கஷ்டம். அப்புறம், பையனுக்குச் சோறு கேட்கும்போது மிளகாய் வேண்டாம் என்று ஒருமுறை சொன்னால் போதாது, இரண்டு முறை சொல்லுங்கள்.